கண்டல் கரையில் ஸ்பே வீச்சு: மிதக்கும் லைன் ஒன்றைத் தெரிந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

பெப்ரவரி நடுப்பகுதி. காலை ஆறு மணி கடந்திருந்தது. மட்டக்களப்பு வாவி எண்ணெய் ஊற்றியதுபோல அசைவில்லாமல் கிடந்தது. கல்லடிப் பக்கத்துக் கண்டல் ஓரத்தில், முழங்கால் நீரில் நின்றபடி என் மருமகன் பதின்மூன்று அடி நீளமான இருகைக் கோலை வீசினான். ஃப்ளையைத் தூக்கிச் செல்லும் தடித்த நூலான லைன் விழுந்த சத்தம் வீச்சுவலையின் ஈயக் குண்டுகள் விழுந்ததுபோலக் கேட்டது. முப்பது அடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மடவைக் கூட்டம் ஒரே துள்ளலில் கலைந்துபோனது. இறகும் நூலும் சுற்றிக் கட்டிய ஃப்ளை மேலே மிதந்திருக்க வேண்டும். இரண்டு விநாடிக்குள் அடியிலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல அதுவும் காணாமல்போனது.

"கோல் எனக்குப் பொருந்தவில்லை மாமா. கை இன்னும் பழகவில்லை" என்றான்.

மூன்று கிழமையாக அவன் எறிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை பழகியிருந்தது. கோலை மெதுவாக எடுத்தான், சரியான இடத்தில் நிறுத்தினான், கீழ்க்கையால் இழுத்தான். நோர்வேயில் டிரொன்ட்ஹெய்முக்கு அருகே கௌலா ஆற்றில் எனக்கு இந்த ஸ்பே வீச்சைச் சொல்லித்தந்தவர்கள் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்கள். அப்படியானால் பிழை கோலுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். அன்றிலிருந்து ஓகஸ்ட் முதல் கிழமைவரை நாங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதிவைத்தேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கரைக்கு இருகைக் கோல் எதற்கு என்று பலர் கேட்டார்கள். சாதாரண ஒருகை ஃப்ளை கோலில் எறிய வேண்டுமானால் லைன் முழுவதும் முதலில் முதுகுக்குப் பின்னால் நீண்டு போய்த்தான் முன்னே வரும். வாவிக் கரையில் முதுகுக்குப் பின்னால் கண்டல்தான் நிற்கிறது. ஒருகைக் கோலோடு போன நாள்களில் மீன் பிடித்த நேரத்தைவிடக் கிளையிலிருந்து தூண்டில் கழற்றிய நேரமே அதிகம். 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் சால்மன் பிடித்தவர்களுக்கும் இதே இடைஞ்சல்தான். பின்னால் மேடும் மரமும். அவர்கள் லைனைப் பின்னால் நீட்டாமல், அதன் நுனியை நீரில் தொட்டு ஊன்றவைத்து, மீதியைத் தோளுக்குப் பக்கத்தில் ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, அந்த வளைவின் எடையைக் கொண்டே கோலை வளைத்து முன்னே எறிந்தார்கள். அதுதான் ஸ்பே வீச்சு. வளைவு ஆங்கில டி எழுத்துப்போல இருப்பதால் அதை டி வளைவு என்கிறோம். நீரில் ஊன்றிய நுனி நங்கூரம். பின்னால் பத்துப் பன்னிரண்டு அடி இடம் கிடைத்தால் போதும். கண்டலுக்கு இதைவிடப் பொருத்தமான வீச்சு எனக்குத் தெரியவில்லை.

ரீலில் என்ன இருந்தது

கோலும் ரீலும் வான்கூவரிலுள்ள சித்தப்பா பாவித்துவிட்டு அனுப்பியவை. கோலில் 7 என்ற இலக்கம் எழுதியிருந்தது. லைனின் பெட்டி வரவில்லை. அதன் எடை என்ன, வகை என்ன என்று சொல்ல ஒரு சீட்டும் இல்லை. விறாந்தையில் பாயை விரித்து முழுவதையும் அவிழ்த்துப் போட்டோம்.

முதலில் பின்பலமாகப் பின்னல் நூல். அடுத்து, எறியும்போது பின்னால் ஓடிப்போகும் மெல்லிய ரன்னிங் லைன். அதன் முனையில் தடித்துக் குட்டையான ஒரு ஹெட். எறிதலுக்கு எடை கொடுக்கும் பகுதி இதுதான். நாடாவால் அளந்தபோது 23 அடி வந்தது. ஹெட்டின் முன்னே 10 அடி நீளத்தில் கறுத்த, கையில் பாரமாக இருந்த ஒரு நுனி. அதற்கு முன்னே வெறும் நான்கு அடித் தங்கூசி.

பார்த்தவுடனே விளங்கிவிட்டது. இது ஸ்காஜிட் வகை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் ஆற்றின் பெயரைத் தாங்கியது. அங்கே குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் என்னும் மீன் குளிர்ந்து பெருகிய ஆற்றின் அடியோடு ஒட்டிக் கிடக்கும். அதன் வாய்க்கு முன்னால் பெரிய ஃப்ளையைக் கொண்டுபோய் நிறுத்த அமிழும் நுனி வேண்டும்; அந்தப் பாரத்தை நீரிலிருந்து பிய்த்தெடுக்கக் குட்டையான, பாரமான ஹெட் வேண்டும். எங்கள் ரீலிலிருந்த கறுத்த நுனியில் டங்ஸ்டன் தூள் கலந்திருந்தது. அடிக்கு 11 கிரெய்ன் எடையுள்ள வகை. சித்தப்பா அங்கே அந்த ஆறுகளுக்கு மிகச் சரியாகக் கட்டியிருந்ததை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டு போய் முழங்கால் நீரில், மேலே மேயும் மீனுக்கு எறிந்துகொண்டிருந்தோம். மருமகனின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. மூன்று கிழமையாகத் தன் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அது.

ஹெட்டின் எடை தெரியாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது. ஸ்பே லைனை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். பெயர் சொல்வதுபோலவே அது ஒரு தானிய மணியின் எடையிலிருந்து வந்த பழைய அளவு. நம்முடைய குன்றிமணிக் கணக்கின் தூரத்து உறவு. 1 கிராமுக்கு 15.43 கிரெய்ன். இவ்வளவு சிறிய எடையை நம்பி நிறுக்க நகைத் தராசைவிட நல்லது கிடைக்காது. மட்டக்களப்பு நகரில் எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவரிடம் போனோம். அவர் சுருளைத் தட்டில் வைத்தார், எதுவும் கேட்கவில்லை. 34.0 கிராம். "நாலே கால் பவுன்" என்றார், கையோடு பழகிய கணக்கில். கிரெய்னில் 525.

கோலில் எழுதியிருக்கும் 7ஐ நம்பிக் கடையில் லைன் வாங்குபவர்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஒருகைக் கோல்களுக்கான பழைய அளவையில் 7 இலக்க லைன் என்றால் முதல் 30 அடியின் எடை 185 கிரெய்ன், அதாவது 12 கிராம். இருகைக் கோலில் அதே 7, 500 கிரெய்னுக்கு மேலும் சுமக்கிறது. இலக்கம் ஒன்று, எடை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே இலக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எடையைக் கேளுங்கள். விற்பவர் எடையைச் சொல்லாவிட்டால் நகைக்கடைக்குப் போங்கள்.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

மேலே மிதக்கும் ஃப்ளைக்கு ஸ்காண்டி வகை ஹெட் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சுவீடனைச் சேர்ந்த யோரான் அண்டர்சன் வளர்த்தெடுத்த கீழ்க்கை வீச்சு முறையோடு பரவிய வகை அது. ஸ்காஜிட்டின் எடை ஹெட்டின் முன்பகுதிவரை தடிப்பாக வந்து சட்டென்று முடியும். ஸ்காண்டியின் எடை பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் நெடுந்தூரம் மெலிந்துகொண்டே போகும். வீச்சின் விசை அந்த மெலிவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் ஃப்ளை நீரில் இறங்கும்போது தும்பி உட்காருவதுபோல உட்காரும். அமிழும் நுனி கிடையாது. நங்கூரத்தை நீண்ட லீடரே, அதாவது ஹெட்டுக்கும் ஃப்ளைக்கும் நடுவிலுள்ள தங்கூசியே, பார்த்துக்கொள்ளும். எடையும் குறைவு: இதே கோலுக்கு ஸ்காஜிட் 525 என்றால் ஸ்காண்டி 460 அளவில் போதும். நங்கூரம் இலேசாகத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவதால், அதைப் பிய்த்தெடுக்கும் வேலைக்கான எடை இங்கே தேவைப்படாது.

கௌலாவில் நான் பாவித்த 460 கிரெய்ன் ஸ்காண்டி பெட்டியில் இருந்தது. 36 அடி. அதை மாட்டினோம். காலை ஆறரைக்கு முதல் வீச்சு. ஃப்ளை சத்தமில்லாமல் இறங்கியது. மடவை தலையைக்கூடத் திருப்பவில்லை. மருமகன் சிரித்தான். வேலை முடிந்துவிட்டது என்று கொப்பியில் எழுதினேன்.

பத்து மணிக்கு அந்த வரியை வெட்டினேன். வெயில் ஏற ஏற ஹெட் அவித்த இடியாப்பம்போலத் துவண்டது. டி வளைவு நிற்காமல் சரிந்தது. ரன்னிங் லைன் ஈர விரலில் ஒட்டிக்கொண்டது, கோலின் வளையங்களுக்குள் இழுபட்டது. காலையில் போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை.

காரணம் லைனின் உடம்பில் இருக்கிறது. நடுவே ஒரு நூல். அதற்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு, பெரும்பாலும் பிவிசி. பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெற்றுக் கண்ணாடி மணிகளைக் கலந்திருப்பார்கள். மிதப்பைத் தருவது அவைதான். குளிர்நீருக்குச் செய்த லைனில் பின்னல் நூலும் மென்மையான பூச்சும் இருக்கும், பனியில் விறைக்காமல் இருப்பதற்காக. கௌலாவின் நீர் பத்துப் பன்னிரண்டு பாகையில் ஓடியபோது அந்த மென்மைதான் எனக்கு உதவியது. எங்கள் வாவி நீர் 30 பாகையைத் தொடும். மேலே வெயில் வேறு. அந்த மென்மை இங்கே உருகிய மெழுகாகிவிட்டது. வெப்ப நாடுகளுக்கென்று செய்யும் லைனில் தனி இழைத் தங்கூசியோ விறைப்பான பின்னலோ நடுவே போகும், பூச்சும் கடினமாக இருக்கும். ஆனால் அப்படிப்பட்டவை பெரும்பாலும் ஒருகைக் கோலுக்கே வருகின்றன. ஸ்பே லைன் செய்பவர்கள் சால்மனையும் ஸ்டீல்ஹெட்டையும் நினைத்தே செய்கிறார்கள். கண்டல் கரையில் நிற்கும் ஒருவரை அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

இந்த நாளை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பும் நல்ல சாமான்கள் பல இங்கே வந்து பழுதென்று மூலையில் கிடக்கின்றன. அவை பழுதல்ல. வேறு நீருக்குச் செய்தவை.

ஃப்ளையிலிருந்து பின்னோக்கி

இரண்டாம் முறை தொடங்கும்போது எறிபவனின் பக்கமிருந்து யோசிப்பதை விட்டுவிட்டு, நீரில் இறங்கும் பொருளிலிருந்து பின்னோக்கி வந்தோம். எங்கள் ஃப்ளை மெலிந்தது, ஈரமானாலும் பாரமில்லாதது, விரல் நீளம். அதை இரைச்சலில்லாமல் இறக்க நீண்டு மெலிந்த லீடர் வேண்டும். அந்த லீடரைச் சுருளவிடாமல் நீட்ட, முன்பக்கம் மெலிந்த ஹெட் வேண்டும். அந்த ஹெட்டைச் சுமக்கும் எடையில் கோல் வளைய வேண்டும். இவ்வளவும் கௌலாவிலும் ஒன்றுதான். வாவிக்கென்று இரண்டு கேள்விகள் கூடுதலாக வந்தன: வெப்பம் ஒன்று, நீரோட்டம் இல்லாதது மற்றொன்று.

இரண்டாவதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆற்றில் குறுக்கே எறிந்துவிட்டு நின்றால் போதும். ஓட்டம் லைனை இழுத்து இறுக்கி, ஃப்ளையை அரைவட்டமாகக் கொண்டுவந்து கீழ்ப்பக்கம் நேராக நிறுத்திவிடும். அடுத்த வீச்சுக்கு ஹெட் முழுவதும் வெளியே தயாராக இருக்கும். வாவியில் எறிந்தது எறிந்த இடத்திலேயே கிடக்கும். ஃப்ளைக்கு உயிர் கொடுப்பது நம் விரல்தான்; பிடிபிடியாக இழுக்க வேண்டும். மீன் பெரும்பாலும் கடைசி இருபது அடிக்குள், கண்டல் வேரின் நிழல் தொடங்கும் இடத்தில்தான் பின்தொடர்ந்து வந்து கடிக்கிறது. அதுவரை இழுத்தால் ஹெட்டின் பின்பாதி கோலின் வளையங்களுக்குள் போய்விடும். பிறகு ஒரு உருட்டு வீச்சால் அதை வெளியே தள்ளி, அதன்பின்தான் உண்மையான வீச்சு. ஹெட் நீளமாக இருந்தால் இந்த வேலை இரட்டிப்பாகும். ஐம்பது அறுபது அடி ஹெட்டோடு வரும் மரபான ஸ்பே லைன்களை, அவை எவ்வளவு அழகாகப் பறந்தாலும், நான் இந்த நீருக்குச் சொல்லமாட்டேன். கோலின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு ஹெட் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்டோம். 13 அடிக் கோலுக்கு 33 அடி.

வெப்பத்துக்கு மருந்து அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே வடக்கில் கொடுவா பிடிப்பவர்கள் பாவிக்கும் வெப்பநாட்டு மிதக்கும் லைன் ஒன்றை, ஒருகைக் கோலுக்கான 12 இலக்கத்தில், மெல்பேர்னிலுள்ள அக்கா அனுப்பிவைத்தார். 12 இலக்கம் என்றால் முதல் 30 அடிக்கு 380 கிரெய்ன். இதன் தடித்த பகுதி மொத்தம் 40 அடி இருந்தது. அதைப் பின்பக்கம் வெட்டிக் குறைத்தால் எங்கள் கோலுக்கு ஒரு ஹெட் ஆகும் என்பது திட்டம். லைனை வெட்டி ஹெட் செய்வது பழைய வழக்கம்; ஆயத்த ஹெட்டுகள் கடைக்கு வருமுன் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

மீண்டும் அதே பத்தர் கடை. முதல் நிறுவையில் 33.1 கிராம். எங்களுக்கு வேண்டியது 29.8, அதாவது 460 கிரெய்ன். மருமகன் பின்முனையிலிருந்து அரையடி அரையடியாக வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் பத்தர் தட்டில் வைத்து வாய்விட்டு வாசித்தார். முதல் வெட்டுகளில் எடை கொஞ்சமாகவே இறங்கியது, அது மெலிந்த பகுதி. தடித்த இடத்துக்கு வந்ததும் ஒரு வெட்டுக்குக் கால் கிராமுக்கு மேல் விழுந்தது. 29.9 வந்தபோது பத்தர் கத்தரிக்கோலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். கடைசித் துண்டுகள் இரண்டும் விரற்கடை அளவுதான். 29.8. நீளம் 35 அடி. கேட்டதைவிட 2 அடி அதிகம். எடையும் நீளமும் ஒன்றோடொன்று முரண்படும்போது எடையின் பக்கமே நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு அடியைக் கை பழகிக்கொள்ளும். எடை தவறினால் கோல் வளையாது.

இந்த வழியில் ஒரு குறையும் உண்டு. கொடுவா லைன்களின் முன்பக்க மெலிவு குட்டையானது, பெரிய ஃப்ளையை உதைத்துத் தள்ளுவதற்காக. ஸ்காண்டியின் நீண்ட மெலிவு அதில் கிடைக்காது. அந்தக் குறையை லீடரில் ஈடுசெய்தோம்.

கட்டுவது

வெட்டிய பின்முனையில் கண்ணி இல்லை. லைனை ஓர் அங்குலம் மடித்து இறுக்கிச் சுற்ற வேண்டும். எங்கள் அயலில் வலை பொத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் நாங்கள் கொண்டுபோன விலையான நூலை ஒதுக்கிவிட்டுத் தன் வலை நூலை எடுத்தார். கால் பெருவிரலில் லைனை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல்மேல் நூல் ஏறாமல் பக்கம் பக்கமாக இரண்டு இடத்தில் சுற்றினார். கடைசிச் சுற்றுக்கு அடியில் நுனியைப் புகுத்தி இழுத்து, வளையும் பசையைத் தடவி வெயிலில் காயவைத்தார். வெட்டிய முனையின் வாயையும் அதே பசையால் அடைத்தார். அதைத் திறந்து விட்டால் நடுநூல் விளக்குத்திரிபோல நீரை உறிஞ்சி, சில நாளில் ஹெட் பின்பக்கமிருந்து தாழத் தொடங்கும். ஓகஸ்ட்வரை அந்தக் கண்ணி ஒரு மயிரளவும் நகரவில்லை.

கண்ணியோடு கண்ணி கோக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று. ஹெட்டின் கண்ணியை ரன்னிங் லைனின் கண்ணிமேல் ஏற்றி, ஹெட்டின் முன்முனையை ரன்னிங் லைனின் கண்ணியினூடாக இழுத்து, மெதுவாக இறுக்கினால் இரண்டும் சம அளவில் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். வெற்றிலைக்கொடி இரண்டு பின்னிக்கொண்டதுபோல் சதுரமாக நிற்கும். ஒரு கண்ணி மடிந்து மற்றதன் கழுத்தைச் சுருக்கிட்டுப் பிடித்திருந்தால் அது பிழை. அந்தச் சுருக்கு பூச்சை அறுக்கும், கோலின் வளையத்தில் ஒவ்வொரு முறையும் தட்டும். ஹெட்டை இழுத்து உள்ளே எடுக்கும் எங்கள் நீரில் அந்தத் தட்டு நாளுக்கு நூறு முறை விழும்.

ரன்னிங் லைனுக்கு வழுக்கும் தங்கூசியைச் சொல்பவர்கள் உண்டு, தூரம் போகும். நைலான் நீரைவிட அடர்த்தியானது, ஆகவே மெதுவாகத் தாழும். ஆற்றில் அதை விரலில் சுருள்களாகப் பிடித்துக்கொள்ளலாம். வாவியில் பிடிபிடியாக இழுத்து நீரில் விடும் சுருள்கள் காலடியில் தாழ்ந்து, அடுத்த வீச்சில் பாசியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எழும். பூச்சுள்ள மிதக்கும் ரன்னிங் லைனையே வைத்தோம். அதுவும் வெப்பநாட்டு வகை; அந்த 12 இலக்க லைனின் பின்பகுதியேதான்.

லீடர்தான் இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. மெலிந்துபோகும் ஆயத்த லீடர் இங்கே கிடைக்காது. மட்டக்களப்புச் சந்தையில் மூன்று தடிப்பில் தங்கூசிச் சுருள் வாங்கினோம். ஹெட்டோடு சேரும் பக்கம் 0.55 மில்லிமீற்றர், 8 அடி. அடுத்து 0.45இல் இரண்டரை அடி. அடுத்து 0.35இல் இரண்டரை. கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல வெட்டும் என்பதால் கடைசி ஒன்றரை அடிக்கு மறுபடியும் 0.55. மொத்தம் பதினான்கரை அடி. கோலைவிடச் சற்று நீளம். முதலில் பத்து அடியில் கட்டிப் பார்த்தோம்: நங்கூரம் நீரைப் பிடிக்காமல் பிய்ந்து, ஃப்ளை காதருகே விர்ரென்று பின்னால் போனது. பதினெட்டில் நங்கூரம் ஒட்டிக்கொண்டு கோலின் விசையைக் குடித்துவிட்டது. அடியடியாகக் குறைத்துப் பதினான்கரைக்கு வந்தோம். உங்கள் ஹெட்டுக்கு வேறு அளவு வரலாம். பிய்ந்தால் நீட்டுங்கள், ஒட்டினால் குறையுங்கள்.

மெல்லிய தங்கூசியைத் தடித்ததோடு சேர்க்கும்போது மெல்லியதை இரட்டையாக மடித்துக்கொண்டு, எதிரெதிர்த் திசையில் சுற்றி, இரு நுனிகளையும் நடு இடைவெளியில் புகுத்தி, எச்சிலால் நனைத்த பிறகே இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் இழுத்தால் சூடேறி வலுவிழக்கும். இறுகிய முடிச்சில் சுற்றுகள் மணி கோத்ததுபோல அடுக்காக நின்றால் அது நல்ல முடிச்சு. ஒரு சுற்று மற்றதன்மேல் ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடியும் கட்டுங்கள்; மீன் அந்த ஒன்றைத்தான் கண்டுபிடிக்கும். மிதக்கும் ஃப்ளைக்கு ஃபுளோரோகார்பன் தங்கூசி வேண்டாம், அது நைலானைவிடப் பலமடங்கு விரைவாகத் தாழ்ந்து ஃப்ளையின் மூக்கைக் கீழே இழுக்கும்.

நீரில்

ஏப்ரல் முதல் ஓகஸ்ட்வரை இதே கட்டமைப்பை வாவியின் பல இடங்களில் எறிந்தோம்: கல்லடி, வலையிறவுப் பாலத்துப் பக்கம், மண்முனை, தெற்கே அம்பாறை மாவட்ட எல்லைக்குள் நீளும் கல்முனைப் பக்கக் கரை. 56 கிலோமீற்றர் நீளமான வாவி. ஒரே நாளில் நான்கு விதமாக நடந்துகொள்ளும். வலை கட்டியிருக்கும் இடத்தில் உரியவரைக் கேட்காமல் எறியவில்லை. முதலை தெரிந்த இடங்களில் நீரில் இறங்கவில்லை, தோணியிலிருந்து எறிந்தோம்.

நண்பகலிலும் ஹெட் துவளவில்லை. விடியற்காலையில் மட்டும், குளிர் மிச்சமிருக்கும் அரைமணி நேரம், ரீலில் கிடந்த சுருளின் வடிவம் அதில் ஒட்டியிருந்தது. கையகலம் கையகலமாக இழுத்து நீட்டிவிட்டால் சரியாகியது. வெப்பநாட்டு லைனுக்கு அது விலை. கொடுக்கலாம்.

வீச்சையும் எளிமையாக்கினோம். ஸ்பே வீச்சுகளின் பெயர்பெற்ற சுற்றல்கள் எல்லாம் திசை மாற்றுவதற்கானவை. ஓட்டம் லைனைக் கீழே கொண்டுபோய் நிறுத்தியதை மீண்டும் குறுக்கே அனுப்ப வேண்டும் அல்லவா. வாவியில் லைன் எறிந்த திசையிலேயே கிடக்கிறது. நேராகத் தூக்கி, நுனியைப் பக்கத்தில் தொட்டு, எறிந்தால் முடிந்தது. எந்தத் தோளில் தொடுவது என்பதைக் காற்று சொல்லும். யூன், யூலையில் கச்சான் காற்று அடித்தபோது மருமகன் பழக்கத்தில் வலத்தோளிலேயே தொட்டான். காற்று வலப்பக்கமிருந்து வந்ததால் டி வளைவு அவன் உடம்பின்மேலேயே சாய்ந்தது, ஃப்ளை சட்டையில் மாட்டியது. தோலில் மாட்டாதது அன்றைய அதிர்ஷ்டம். காற்று வலப்பக்கமிருந்து வந்தால் நங்கூரம் இடப்பக்கம், இடப்பக்கமிருந்து வந்தால் வலப்பக்கம். இதில் மட்டும் நான் அவனிடம் கண்டிப்பாகப் பேசினேன்.

பிறகு வந்தது செருப்பு. பழைய றப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய மிதவையால், நீரில் 'பளக்' என்று சத்தம் எழுப்பும் பருத்த ஃப்ளை ஒன்றை அவன் கட்டினான். பாரைக்குட்டிகள் அதன்மேல் பைத்தியமாகப் பாய்ந்தன. ஆனால் எங்கள் அருமையான ஹெட் அதைத் தூக்கவில்லை. கச்சான் எதிரே வந்தால் லீடர் நடுவழியில் குவிந்து விழுந்தது. பருத்த ஃப்ளையைக் காற்று பிடிக்கிறது. மெலிந்த முனையிடம் அதைத் தள்ளும் எடை இல்லை. அப்போதுதான் சித்தப்பாவின் ஸ்காஜிட்டைத் திரும்ப எடுத்தோம். அமிழும் நுனியைக் கழற்றிவிட்டு, அதே 10 அடிக்கு மிதக்கும் நுனி ஒன்றை மாட்டி, ஒன்பதடி லீடர் கட்டினோம். சத்தம் கொஞ்சம் உண்டு. செருப்பு ஃப்ளையே சத்தம் போடுவதுதான், ஆகவே கெடுதல் இல்லை. குளிர்நீர் ஹெட் என்றாலும் குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பதால் வெயிலைக் கொஞ்சம் தாங்கியது. மாலை நான்கரைக்குப் பிறகு எடுத்தால் குறையே தெரியவில்லை. பெப்ரவரியில் நான் அதை முழுவதுமாக ஒதுக்கியது அவசரம்.

யூலைக் கடைசியில் ஸ்காண்டி போல எறிந்துவந்த ஹெட்டின் முன்நுனி தாழத் தொடங்கியது. மெலிந்த இடத்தில் பூச்சு குறைவு, கண்ணாடி மணியும் குறைவு, ஆகவே அழுக்கு முதலில் வெல்வது அங்கேதான். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கரைத்து மென்துணியால் துடைத்தபோது துணியில் வாவியின் பச்சை முழுவதும் வந்தது. மறுநாள் நுனி மிதந்தது. இப்போது ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கிணற்றுநீரில் அலசி, நிழலில் உலர்த்துகிறோம். உப்புப் பரல் பூச்சை அரம்போல உரசும். நுளம்புக்குப் பூசும் திரவம் பட்ட கையால் லைனைத் தொடக் கூடாது, அது பூச்சைக் கரைக்கும். வாவிக்கரையில் நுளம்பு மருந்து இல்லாமல் நிற்க முடியாதுதான். புறங்கையால் பூசிக்கொள்கிறோம்.

ஓகஸ்ட் இரண்டாம் நாள், மண்முனைப் பக்கம். காற்று விழுந்திருந்தது. வேர்களின் ஓரம் மடவை மெதுவாக உழுதுகொண்டு போயிற்று; அதன் பின்னால் நீர் ஒருமுறை பருத்து அடங்கியது. மருமகன் என்னைப் பார்க்கவில்லை. இடத்தோளில் தொட்டு எறிந்தான். லைன் நீண்டு, லீடர் நீண்டு, ஃப்ளை கடைசியாக, வேரிலிருந்து ஒரு முழம் தள்ளி இறங்கியது. மடவை கலையவில்லை. மூன்று பிடி இழுத்தான். நான்காவதில் நீர் திறந்தது.

கொடுவா. இரண்டு முறை காற்றில் எழுந்து தலையை உதறியது. கடைசி ஒன்றரை அடித் தங்கூசி தாளில் தேய்த்ததுபோலச் சொரசொரத்திருந்தது, அறவில்லை. அளந்துவிட்டு நீரிலேயே விட்டான்.

நவம்பரில் மழை இறங்கி முகத்துவாரம் திறந்தால் பாலமீன்மடுப் பக்கம் நீர் ஓடத் தொடங்கும். அந்த ஓட்டத்தில் ஃப்ளையைக் குறுக்கே எறிந்து நிறுத்தி வைக்கலாம், கௌலாவில் செய்ததுபோல. இன்னும் நீளமான ஹெட் ஒன்று வேண்டியிருக்கும். மீதமிருக்கும் லைன் துண்டுகளை ஒரு பையில் போட்டு, ஒவ்வொன்றின் எடையையும் எழுதித் தரும்படி மருமகன் பத்தரிடம் கொடுத்திருக்கிறான்.